கட்சிக்காரர் பணம் வாங்கியதை என்னிடம் ஒப்புக்கொண்டார், நாங்கள் தாக்கல் செய்த பிராதில் அது இல்லை. பிரமாணப் பத்திரத்தை நான் தயாரிக்கலாமா?

முன்சீஃப்கோர்ட்_ஜூனியர் கேட்டது:

வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பிராக்டிஸ். என்ரோல் ஆகி மூன்றாவது வருடம் ஓடுகிறது, ஒரு சிவில் சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், விஷயம் மட்டும் அப்படியே.

புரோநோட்டு (கடனுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டு) வழக்கு, எங்கள் கட்சிக்காரர் வாதி. 4 லட்சம் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. நோட்டு பக்காவாக இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, இரண்டு சாட்சி. 33 மாதம் கழித்து வழக்குப் போட்டோம், அசலும் வட்டியுமாக 5,32,000. பிரதிவாதி சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். எதிர்வழக்குரையில் முழுக் கடனையும் தீர்த்துவிட்டதாகவும் பழக்கத்தின் பேரில் நோட்டைத் திரும்ப வாங்காமல் விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். ரசீது, பேங்க் என்ட்ரி, எதுவும் கிடையாது. எல்லாம் கைப்பணம்.

போன வாரம் முதல் விசாரணைக்கான (வாதி தன் தரப்பைச் சொல்லும் சாட்சியம்) பிரமாணப் பத்திரம் தயார் பண்ண கட்சிக்காரரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தோம். சீனியர் கோர்ட்டில் இருந்தார். பிராதின் பாராக்களை எடுத்துப் போட்டு, "இதுநாள் வரை பிரதிவாதி அசலுக்கோ வட்டிக்கோ எந்தத் தொகையும் செலுத்தவில்லை" என்ற வரியை நான் படித்துக் காட்டினேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே, "ஒண்ணரை லட்சம் குடுத்தான்ல, ஒரு வருஷம் கழிச்சு. நான்தான் நோட்டுல வரவு வைக்கல. வச்சா மிச்சத்தைக் குடுக்கவே மாட்டான்" என்றார். மறைத்துச் சொல்லவில்லை, மழை பெய்யுமா என்று பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு, சீனியர் வரட்டும் என்று அனுப்பி வைத்தேன்.

சீனியரிடம் சொன்னால், "உன்கிட்ட சொன்னானா, கோர்ட்டில் சொன்னானா? கடன் தீர்ந்ததை நிரூபிக்க வேண்டியது பிரதிவாதி. நீ டைப் பண்ணு" என்கிறார். அவர் கெட்டவர் கிடையாது. எத்தனையோ பேருக்கு ஃபீஸ் வாங்காமல் வழக்கு நடத்திக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

சத்தியம் செய்யப்போவது கட்சிக்காரர், நான் டைப் பண்ணுகிறவன். இதில் என் பொறுப்பு எவ்வளவு? வெளியில் சொன்னால் கட்சிக்காரர் ரகசியத்தை உடைத்தவன் ஆவேன், சொல்லாமல் டைப் பண்ணினால் தெரிந்தே பொய்யை எழுதியவன் ஆவேன். வாய்தா அடுத்த மாதம். புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லாமல், கோர்ட்டில் நிற்பவர்கள் என்ன செய்வீர்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.


சிவில்சைடு எழுதியது:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்த ஒன்றரை லட்சம் இந்த நோட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டதா என்று கேட்டீர்களா? சிரிக்காதீர்கள், சீரியஸாகக் கேட்கிறேன். நம்ம ஊரில் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு கடனோடு நிற்பதில்லை. சீட்டுப் பாக்கி இருக்கும், பழைய கைமாற்று இருக்கும், தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது தனியாக இருக்கும். ஒப்பந்தச் சட்டம் 59, 60, 61 மூன்று பிரிவையும் எடுத்துப் படியுங்கள். கடன்பட்டவர் 'இது இந்தக் கடனுக்கு' என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குத்தான் வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்தும் தெரியவில்லை என்றால், சட்டப்படி வரவேண்டிய எந்தக் கடனுக்கும், காலாவதியான கடனுக்குக்கூட, வாங்கியவர் வரவு வைத்துக்கொள்ளலாம். அப்படி வேறு கடன் நிஜமாகவே இருந்து அதற்கு அவர் வைத்திருந்தால் உங்கள் பத்திரத்தில் இருக்கும் வரி பொய்யே இல்லை. ஆனால் அவர் பேசிய மாதிரியைப் பார்த்தால் ('நோட்டுல வரவு வைக்கல') இந்த நோட்டுக்கு வந்த பணம் என்றுதான் படுகிறது. எதற்கும் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அவருக்குப் பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். "வேற கடன் ஏதும் இருந்துச்சா?" என்று நாம் கேட்ட தொனியிலேயே, 'ஆமா சார் இருந்துச்சு' என்று ஒரு கடன் அங்கேயே பிறந்துவிடும், நாமே புதுசாக ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம். "அந்தப் பணத்தைக் குடுக்கும்போது அவர் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேளுங்கள், வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

இந்த நோட்டுக்குத்தான் என்றால், நீங்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். அவர் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்பது ஒன்று. அவர் சொன்னதற்கு எதிரானதை உங்கள் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வேறொன்று. முதலாவது உங்கள் கடமை. சாட்சியச் சட்டத்தில் 126ஆகப் படித்தீர்களே, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132. வக்காலத்து முடிந்த பிறகும் அந்த வாய்ப்பூட்டு தொடரும். சட்டவிரோதமான காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொன்னதற்குப் பாதுகாப்பு இல்லை என்று விதிவிலக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஜூனியர் ஒருவர் தானாகக் கிளம்பிப் போய் எதிர்த்தரப்பிடம் சொல்லிவிடலாம் என்று அர்த்தம் இல்லை. பிரதிவாதியை டீக்கடையில் பார்த்து "அந்த ஒண்ணரை லட்சத்தைப் பத்திக் கேளுங்க" என்று காதில் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வக்கீல் வைத்திருக்கும் எதிர்த்தரப்பிடம் வழக்கு விஷயத்தை நேரடியாகப் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 34, பேசுவதாக இருந்தால் அவருடைய வக்கீல் மூலமாகத்தான்.

இரண்டாவது விஷயம் உங்கள் கடமையே இல்லை. அதே விதிகளில் 4ஆவதைப் பாருங்கள். கட்சிக்காரர் முறைகேடாகப் போகாமல் தடுக்க முயல வேண்டும், அவர் கேட்காமல் அடம்பிடித்தால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும், வக்கீல் தன்னைக் கட்சிக்காரரின் வெறும் வாயாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. ஆகவே 'டைப் பண்ணுகிறவன்' என்ற வாதம் நிற்காது. முன்பெல்லாம் வாதி கூண்டில் ஏறி நின்று வாயால் சொல்வார், கோர்ட் எழுதிக்கொள்ளும், பொய் சொன்னால் அவர் வாய், அவர் பாடு. 2002இல் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 18ஆவது கட்டளை மாறிய பிறகு முதல் விசாரணை முழுவதும் பிரமாணப் பத்திரமாகவே போகிறது. அதில் பாதி வாக்கியத்தைக் கட்சிக்காரர் வாழ்க்கையில் பேசியிருக்கவே மாட்டார், எல்லாம் நம் கம்ப்யூட்டரில் பிறந்தவை. "மேற்படி பிரதிவாதி மேற்படி தொகையை" என்று உங்கள் கட்சிக்காரர் டீக்கடையில் பேசுவாரா?

என்ன செய்வேன் என்றால், சீனியரைப் பார்ப்பதற்கு முன் கட்சிக்காரரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவேன். தர்மம் நியாயம் எதையும் எடுக்க மாட்டேன். குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்வேன். "எந்தத் தொகையும் வரவில்லை" என்று பத்திரத்தில் சொல்லிவிட்டு, கூண்டில் நிற்கும்போது பட்டறைக்காரர் எந்தத் தேதி, எந்த இடம், யார் கூட இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வைத்து, இவர் ஒரு இடத்தில் தடுமாறினால் நோட்டு முழுவதின் மேலும் சந்தேகம் விழும். நோட்டுக்கு எதிர்ப்பயன் இருந்தது, அதாவது பணம் நிஜமாகவே கைமாறியது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118இல் நமக்குக் கிடைக்கிற அனுமானம் பெரிய பலம், அதைப் பொய்யால் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் பொய்ச் சாட்சியத்துக்கு நியாய சன்ஹிதா 229, ஏழு வருடம் வரை. வழக்குப் போட வேண்டுமா என்று கோர்ட்டே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 379இல் விசாரிக்கலாம். எல்லா வழக்கிலும் அது நடப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், அதனால் அதை வைத்து மிரட்டாதீர்கள், எடுபடாது.


வாய்தா_வக்கீல் எழுதியது:

எல்லாம் சரி, கேட்க நன்றாக இருக்கிறது. கேள்வி கேட்டவர் ஒன்றைக் கவனித்தாரா? பிரதிவாதி முழுப் பணமும் கொடுத்துவிட்டேன் என்கிறார். அதுவும் பொய். ஒன்றரைதான் கொடுத்தார். அவருடைய வக்கீலும் தெரிந்தேதான் எழுதியிருப்பார், இல்லை கேட்காமலே எழுதியிருப்பார். அவர் ஜூனியர் யாராவது எங்கேயாவது இப்படித் தூக்கம் வராமல் கேள்வி போட்டிருக்கிறாரா? ஒரு பக்கம் மட்டும் உண்மை பேசினால் தோற்பது அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்தான், வக்கீல் இல்லை. இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளட்டும், நடுவில் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் நீதிபதி இருக்கிறார்.

இன்னொன்று. சிவில்சைடு அண்ணன் சொல்வது மாதிரி ஆஜராக மறுக்கும் வசதி சொந்த ஆபீஸ் வைத்திருப்பவருக்கு. ஜூனியருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன ஊரில் ஒரு சீனியரைப் பகைத்துக்கொண்டு இன்னொரு ஆபீசில் போய் நின்றால், முதல் கேள்வி "அங்கிருந்து ஏன் வந்தே?" என்பதுதான். இதை எழுதினால் எனக்குத் திட்டு விழும் என்று தெரியும். பரவாயில்லை.


பட்டறைத்தெரு எழுதியது:

நான் வக்கீல் இல்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

வாய்தா வக்கீல் சார், பிரதிவாதியும் பொய்தானே சொல்கிறார் என்கிறீர்கள். அவர் ஏன் முழுசும் கொடுத்தேன் என்று சொல்கிறார் என்று யோசித்தீர்களா? எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்க ஒருவரிடம் நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், தீபாவளி வியாபாரம் முடிந்து மஞ்சள் பையில் எடுத்துப் போய்க் கொடுத்தது எனக்கே தெரியும், நானும் கூடப் போனேன். கொடுக்கும்போது ஒரு வார்த்தை எழுதி வாங்கவில்லை. எழுதிக் கேட்டால் அவர் மனசு சங்கடப்படுமாம். அப்புறம் நோட்டீஸ் வந்தது, முழுத் தொகைக்கும். எங்கள் வக்கீலிடம் அப்பா உள்ளதை உள்ளபடிதான் சொன்னார், இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு பாக்கி என்று. அதற்கு அந்த வக்கீல், பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது எங்கே என்று கேட்பார்கள், அதனால் முழுசும் தீர்ந்தது என்றே போடலாம் என்றார். அப்பா அதிலும் கையெழுத்துப் போட்டார். கூண்டில் ஏறினதும் அவருக்கு வாய் வரவில்லை. பழக்கமில்லாத பொய். எதிர் வக்கீல் மூன்று கேள்வி கேட்டார், எல்லாம் உடைந்துவிட்டது. கொடுத்ததையும் நம்பவில்லை. டிக்ரி ஆனது, அதை நிறைவேற்றச் சொல்லி ஈ.பி. போட்டார்கள், கடையை விற்றுக் கட்டினோம். கொடுத்த பணத்தையே மறுபடி வட்டியோடு கொடுத்தோம்.

அந்தப் பக்கத்து வக்கீல் ஆபீசிலும் ஒரு ஜூனியர் இருந்திருப்பார். அவருக்கும் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஒரு சந்தேகம், பணத்தைக் கொடுக்கும்போது நோட்டைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?


சிவில்சைடு எழுதியது:

இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 81. பணம் கேட்கும்போது நோட்டைக் காட்டச் சொல்லலாம், முழுசும் கட்டினால் கையில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. பகுதித் தொகை என்றால் நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் கைப்பணம் வேண்டவே வேண்டாம், அவர் பேங்க் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் அது பேசும்.


பெஞ்ச்நோட்ஸ் எழுதியது:

சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வாய்தா வக்கீல் சொன்ன வாதத்தை இதே வார்த்தையில் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட இதே பொருளில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் புரட்டிப் போட்ட கதை இங்கே பொருந்தும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத், 1993 அக்டோபர் தீர்ப்பு, நம்ம ஊர் வழக்கு. ஒரு சவுக்கார். அவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர் ஜெகந்நாத். நாயுடு தரப்பு மேல் சவுக்காருக்கு டிக்ரி இருந்தது, அதில் அவர்கள் சொத்து ஏலத்துக்கு வந்தபோது சவுக்காருக்காகக் குமாஸ்தா பெயரில் ஏலம் எடுத்தார்கள். 1945 நவம்பரில் குமாஸ்தா, இந்தச் சொத்தில் எனக்கு உரிமை இல்லை என்று சவுக்காருக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். நாயுடு தரப்பும் டிக்ரித் தொகை முழுவதையும் சவுக்காருக்குக் கட்டிவிட்டது. கணக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் குமாஸ்தா அந்த விடுதலைப் பத்திரத்தைப் பற்றி மூச்சே விடாமல் அதே சொத்தில் பாகம் கேட்டு வழக்குப் போட்டு முதல்நிலை டிக்ரியும் வாங்கிவிட்டார். இறுதி டிக்ரிக்கு வரும்போதுதான் அந்தப் பத்திரம் எதிர்த்தரப்புக்குத் தெரியவந்தது.

விசாரணை நீதிமன்றம் இது மோசடி என்றது. உயர் நீதிமன்றமோ, உண்மையான வழக்கோடு வந்து உண்மையான சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும் என்று வாதிக்குச் சட்டக் கடமை ஒன்றும் இல்லை என்றது. பத்திரம் பதிவானதுதானே, எதிர்த்தரப்பு தேடிப் பார்த்து எடுத்திருக்கலாமே என்கிற போக்கு. உங்கள் சீனியர் 'நிரூபிக்க வேண்டியது பிரதிவாதி' என்று சொல்வதன் மூத்த அண்ணன் இது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு இதை ஏற்கவே இல்லை. பொய்யின் மேல் வழக்கைக் கட்டி வருகிறவருக்கு நீதிமன்றத்தை அணுகவே உரிமை இல்லை, வழக்கின் எந்தக் கட்டத்திலும் அவரை வெளியே தள்ளலாம், ஆதாயம் தேடி முக்கிய ஆவணத்தை மறைப்பது எதிர்த்தரப்புக்கு மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் செய்யும் மோசடி என்று எழுதினார்கள். ஏமாற்றி வாங்கிய டிக்ரி, கடைசி வரை போய் இறுதியாகியிருந்தாலும், செல்லாது.

நிரூபணச் சுமை பிரதிவாதி மேல் இருக்கிறது என்பது சரியான சட்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது, உண்மை யாருக்கும் தெரியாதபோது யார் தோற்க வேண்டும் என்பதற்கான விதி. தெரிந்தவர் அதை மறைத்துக்கொள்ளத் தரப்பட்ட அனுமதி இல்லை. 'நீ நிரூபி' என்று சும்மா இருப்பதற்கும், 'எனக்கு எதுவும் வரவில்லை' என்று சத்தியம் செய்வதற்கும் நடுவில்தான் இந்த ஜூனியர் நிற்கிறார். மௌனத்துக்குக்கூட இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பெரிய இடம் இல்லை, அவர் எழுதச் சொல்லப்படுவது மௌனத்தையும் தாண்டியது.

சீனியரை மீறிய ஜூனியர் என்று தேடினால் காந்தி கண்ணில் படுவார். உடனே கொட்டாவி விடாதீர்கள், இதில் அவர் மகாத்மா இல்லை, தென்னாப்பிரிக்காவில் ஒரு ஜூனியர் வக்கீல். நடுவர்களின் தீர்ப்பு முழுக்க அவர் கட்சிக்காரருக்குச் சாதகமாக வந்தது. அதில் பற்றில் வர வேண்டிய ஒரு தொகை தவறுதலாக வரவில் ஏறியிருந்தது, எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவே இல்லை. சொல்லிவிடலாம் என்றார் காந்தி. கட்சிக்காரருக்குப் பாதகமானதை ஒப்புக்கொள்ள எந்த வக்கீலுக்கும் கடமை இல்லை என்றார் சீனியர், அப்படிச் சொல்வதானால் நான் வாதாட மாட்டேன் என்று ஒதுங்கியும் கொண்டார். இங்கே முக்கியம் எது என்றால், காந்தி கட்சிக்காரரிடம் பேசி அவர் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் கோர்ட்டில் சொன்னார். முதலில் நீதிபதிகளே, இது ஏதோ தந்திரம் என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் கணக்கைத் திருத்திவிட்டு மற்றபடி தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். கட்சிக்காரருக்குத் தெரியாமல் எதிர்த்தரப்பின் காதில் போட்டிருந்தால் அது வேறு கதை, அதை நானும் பாடத்தில் வேறு தலைப்பில்தான் எடுப்பேன்.


பேரேடு எழுதியது:

ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சட்டப் பிரிவாக அடுக்குகிறீர்கள், ஒருத்தரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையே.

4 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் மாதம் 4,000. ஒரு வருடம் கழித்து ஒன்றரை லட்சம் வந்தது என்று வைத்துக்கொண்டால் அதுவரை வட்டி 48,000. அதை முதலில் கழித்துக்கொள்கிறோம், கடன் கொடுத்தவருக்குச் சாதகமாகவே போடுவோம். மிச்சம் 1,02,000 அசலில் போகும். அசல் 2,98,000. அடுத்த 21 மாதத்துக்கு மாதம் 2,980 வீதம் 62,580. மொத்தம் 3,60,580. இதுதான் வழக்குப் போட்ட அன்றைக்கு நியாயமாக வர வேண்டியது. கேட்டிருப்பது 5,32,000. ஆக அந்த ஒரு வரிப் பொய்யின் மதிப்பு 1,71,420 ரூபாய். அதற்காக, கையில் நோட்டு இருக்கும் 3,60,580ஐயும் சேர்த்துச் சூதாட்டத்தில் வைக்கிறார். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். வட்டிக்குக் கொடுக்கிறவருக்குச் சட்டத்தைவிட இது சீக்கிரம் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் யாருக்கும் பிடிக்காது. அந்தக் கட்சிக்காரர் டீ குடித்துக்கொண்டே சொன்னார் என்று ஆச்சரியப்படுகிறீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. மார்ச் மாதம் எங்கள் ஆபீசுக்கு வந்து பாருங்கள். சொந்த வீட்டில் இருப்பவர் மாமனார் பெயரில் வாடகை ரசீது கொண்டுவருவார். பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே நாளில் எழுதியது, சிலதில் ஸ்டாம்ப் ஒட்டின பசைகூடக் காய்ந்திருக்காது. கொண்டுவருகிறவர் வாத்தியாராக இருப்பார், பேங்கில் வேலை பார்ப்பவராக இருப்பார். வெட்கமே இருக்காது, "எல்லாரும் பண்றதுதானே மேடம்" என்பார். இடம் வாங்கினால் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு, மிச்சம் பையில். கல்யாணத்துக்கு லீவு போட மெடிக்கல் சர்டிஃபிகேட். டாக்டருக்கு ஜுரம் இல்லை என்று தெரியும், ஆபீசுக்கும் தெரியும், எல்லோரும் சேர்ந்து ஒரு ஜுரத்தைத் தயாரிக்கிறார்கள். தாளில் எழுதுவது ஒன்று, நடப்பது ஒன்று என்று வாழ்ந்து பழகியவர் கோர்ட் தாளை மட்டும் தனியாக மதிப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? அவருக்குப் பிரமாணப் பத்திரமும் இன்னொரு ஃபாரம்.

அதனால் அவரைப் பெரிய அயோக்கியர் என்று நினைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.


வாய்தா_வக்கீல் எழுதியது:

மேடம் கணக்கு சரியாக இருக்கிறது. நானே இன்னொரு வழக்கில் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் என் இரண்டாவது பாயிண்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சீனியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பையன் சோற்றுக்கு என்ன செய்வான்?


சிவில்சைடு எழுதியது:

அதற்கு நல்ல பதில் என்னிடமும் இல்லை. கஷ்டம்தான். ஆனால் இடைவழிகள் உண்டு. "சார், இந்த ஒரு பத்திரத்தை மட்டும் நீங்களோ வேறு ஜூனியரோ பாருங்க" என்று சொல்லலாம். அது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள், பொய் எப்படியும் கோர்ட்டுக்குப் போகத்தானே போகிறது என்று. போகலாம். ஆனால் ஜூனியர் ஒருவர் கையை எடுத்துக்கொண்டார் என்பது அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், சீனியரும் அந்த வரியைத் தானே டைப் பண்ணும்போது ஒரு நிமிடம் நின்றுதான் தீருவார். முக்கால்வாசி சீனியர்கள் இந்த விஷயத்தில் பேசுவது வேறு, தன் கையெழுத்து என்று வரும்போது செய்வது வேறு. வக்காலத்து சீனியர் பெயரில்தான் இருக்கும், ஒருவேளை உங்கள் பெயரும் இருந்தால் விலகுவதற்கு விதி 12 பாருங்கள், தக்க காரணமும் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்பும் வேண்டும், வேலை செய்யாத அளவுக்கு ஃபீஸைத் திருப்ப வேண்டும். கோர்ட்டில் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் காகிதக் கட்டை அமுக்கி வைத்துக்கொள்ள முடியாது, அதை 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.


முன்சீஃப்கோர்ட்_ஜூனியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டறைத்தெரு, உங்கள் அப்பா விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை.

நேற்று கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். அந்தப் பணம் கொடுக்கும்போது பிரதிவாதி என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். "நோட்டுக்கு வச்சுக்கங்க அண்ணாச்சின்னு சொன்னான்" என்றார். அப்போ வேறு கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேரேடு மேடம் போட்ட கணக்கை அப்படியே தாளில் எழுதிக் காட்டினேன். முதல் கேள்வி, "அப்ப அந்த ஒண்ணே முக்கால் லட்சம் போச்சா?" என்பதுதான். அது உங்களுக்கு வர வேண்டியதே இல்லை அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்டின கோர்ட் ஃபீஸ் என்னாகும்? பதினாறாயிரம் கட்டியிருக்கேன்" என்றார். அதற்கு எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. பேசி முடித்துக்கொண்டால் ஃபீஸ் முழுசும் திரும்பக் கிடைக்குமா? லோக் அதாலத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்று குமாஸ்தா அண்ணன் சொல்கிறார். சீனியர் இன்னும் பிடி கொடுக்கவில்லை, ஆனால் "கட்சிக்காரனே சரின்னா எனக்கென்ன" என்கிற அளவுக்கு வந்திருக்கிறார்.


சிவில்சைடு எழுதியது:

3 சதவீதத்தில் 15,960 வரும், அதைத்தான் பதினாறு என்கிறார். 2017க்கு முன்னால் என்றால் ஏழரை சதவீதம், நாற்பதாயிரத்தை நெருங்கியிருக்கும், அவர் அதிர்ஷ்டம். குமாஸ்தா சொல்வது பழைய கதை. 2021 பிப்ரவரியில் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. லோக் அதாலத்தோ மீடியேஷனோ போகாமல், இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டாலும் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ படி முழுக் கட்டணமும் திரும்பும். அந்த வழக்கே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். கோர்ட் சான்றிதழ் கொடுக்கும், அதை வைத்து வாங்கிக்கொள்ளலாம். தீர்ப்பு நகலை மனுவோடு வையுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.

அடுத்தது, கட்சிக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்றரை லட்சம் இந்தத் தேதியில் வந்தது, அதைச் சொல்லிச் சமாதானம் பேச வக்கீலுக்கு அனுமதி தருகிறேன் என்று நாலு வரி போதும். அது கையில் இல்லாமல் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. பிறகு சீனியரே பிரதிவாதி வக்கீலிடம் பார் ரூமில் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம், அவருக்கும் மரியாதையாக இருக்கும். பட்டறைக்காரர் ஒத்துவந்தால் 23ஆவது கட்டளை 3ஆவது விதியில் கூட்டு மெமோ போட்டுத் தவணைக்கு டிக்ரி வாங்கிக்கொள்ளலாம். ஒத்து வராமல் முழுசும் தீர்த்தேன் என்றே நின்றால், நீங்கள் ஒன்றரை லட்சத்தை வரவு வைத்து, கோரிக்கையில் அந்தப் பகுதியைக் கைவிடுவதாக மெமோ கொடுத்துவிட்டு 3,60,580க்கும் அதற்குப் பிந்தைய வட்டிக்கும் வழக்கை நடத்துங்கள். பிரமாணப் பத்திரத்தில் வரவு வந்த தேதியும் தொகையும் தெளிவாக இருக்க வேண்டும். அப்போது குறுக்கு விசாரணையில் உங்கள் ஆளை அசைக்க எதிர் வக்கீல் நிறையக் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

சமாதானம் ஆனால் கூட்டு மெமோவில் ஒரு வரி மறக்காமல் சேருங்கள். தவணை முடிந்ததும் முழுத் திருப்தி பதிவு செய்ய வேண்டும், இந்த நோட்டை வைத்து இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது என்று.